ஓவியர் தெருவில் ஓவியர் இல்லை!

ஓர் ஓவியர் வாடகைக்கு இடம் தேடிப் போகிறார் என்று வைத்துக் கொள்ளுங்கள்.

"என்ன வேலை?" என்று வீட்டுக்காரர் கேட்பார்.

"படம் போடுகிறேன்."

"அது சரி, என்ன வேலை?" என்று மறுபடியும் கேட்பார்!

சிற்பி என்று சொன்னால் போச்சு. "உளிச் சத்தம் ஆகாது ஐயா, அக்கம்பக்கத்தார் சண்டைக்கு வருவார்கள்" என்று சொல்லிக் கதவைச் சாத்தி விடுவார்.

வீட்டுக்காரரைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. அவர் கட்டியிருப்பது குடித்தனம் இருக்கும் வீடு. அதில் கல் உடைத்தால் அவர் என்ன செய்வார்? அப்படியானால் கல் உடைக்கிறவர் எங்கே போவார்? அதுதான் கேள்வி.

எதற்கு இவ்வளவு இடம்?

எழுதுகிறவருக்கு ஒரு மேஜை போதும். ஓவியருக்கு அது போதாது. எட்டடி உயரத் துணியில் படம் போட வேண்டுமானால், எட்டடிக்கு மேல் சுவர் வேண்டும். போட்டதைத் தள்ளி நின்று பார்க்க வேண்டும். நல்ல வெளிச்சம் வேண்டும். எண்ணெய் வண்ணம் காய்வதற்கு நாள் கணக்கில் ஆகும். அதுவரை யாரும் அதைத் தொடக் கூடாது. கைக்குழந்தை தவழ்கிற வீட்டில் இது நடக்கிற காரியமா?

சிற்பியின் பாடு இன்னும் கஷ்டம். கல்லை மாடிப்படியில் ஏற்ற முடியாது. ஏற்றினாலும் தளம் தாங்க வேண்டும். நாட்டியம் ஆடுகிறவருக்கு நடுவில் தூண் இல்லாத கூடம் வேண்டும்.

கலை என்றால் பணக்காரர் வீட்டுச் சுவரில் தொங்கும் படம் என்று நினைத்துவிட வேண்டாம். நவராத்திரிக்கு நம் வீட்டுப் படியில் வைக்கிறோமே கொலுப் பொம்மை, அதுவும் கலைதான். சென்னைக் கொசப்பேட்டையிலும், மதுரைக்குப் பக்கத்தில் விளாச்சேரியிலும் குடும்பம் குடும்பமாக அதைச் செய்கிறார்கள். மண் பிசைய இடம், காய வைக்க இடம், வண்ணம் பூச இடம், விற்கும் காலம் வரும் வரை உடையாமல் அடுக்கி வைக்க இடம், எல்லாம் வேண்டும். பொம்மையின் விலையில் பாதி, இடத்தின் விலை என்று சொன்னாலும் தகும். இடம் போனால் பொம்மையும் போய்விடும்.

வரைபடத்தில் வண்ணம்

ஒவ்வொரு பெரிய பட்டணத்துக்கும் சர்க்கார் ஒரு வரைபடம் போடுகிறது. குடியிருக்கும் பகுதிக்கு ஒரு வண்ணம். கடை வைக்கும் பகுதிக்கு வேறு வண்ணம். தொழிற்சாலைக்கு இன்னொரு வண்ணம். ஒரு வண்ணத்தில் செய்யக்கூடிய காரியத்தை இன்னொரு வண்ணத்தில் செய்யக் கூடாது.

இது நல்ல ஏற்பாடுதான். இல்லாவிட்டால் பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் தோல் பதனிடுவார்கள்.

ஆனால் கலைஞரை எந்த வண்ணத்தில் வைப்பது? அவர் குடியிருப்பதும் அதே கூடம். வேலை செய்வதும் அதே கூடம். வீடு என்றால் சத்தம் போடக் கூடாது. தொழிற்சாலை என்றால் அங்கே படுத்துத் தூங்கக் கூடாது. வரைபடம் போட்டவர்கள் இவரை மறந்தே போனார்கள்.

இந்தச் சிக்கலை அமெரிக்காவில் நியூயார்க் பட்டணம் அறுபது ஆண்டுகளாக அனுபவித்திருக்கிறது. அங்கே நடந்ததை விவரமாகச் சொல்ல வேண்டும். நமக்கு அதில் வேலை இருக்கிறது.

நெருப்புப் பேட்டை

நியூயார்க்கில் ஹவுஸ்டன் தெரு என்று ஒரு தெரு. அதற்குத் தெற்கே 43 கட்டடத் தொகுதிகள். இப்போது அந்த இடத்துக்குச் சோஹோ என்று பெயர். அன்று அதைத் தீயணைப்புக்காரர்கள் "நரகத்தின் நூறு ஏக்கர்" என்றார்கள். அடிக்கடி அங்கே தீப்பிடிக்கும். பழந்துணிக் கிடங்கு, காகிதக் கிடங்கு, சின்னச் சின்னத் தொழிற்சாலைகள். எல்லாம் 19ம் நூற்றாண்டில் கட்டியவை. முகப்பு முழுவதும் வார்ப்பிரும்பு. உயரமான கூரை, பெரிய ஜன்னல்கள், பாரம் ஏற்றும் லிப்ட்.

இரண்டாவது உலக யுத்தத்துக்குப் பிறகு, தொழில்கள் ஒவ்வொன்றாக வெளியேறின. மாடிகள் காலி ஆயின. வாடகை இறங்கியது.

ஓவியர்களுக்கு இது கண்ணில் பட்டது. பெரிய சுவர், நல்ல வெளிச்சம், பாரம் தாங்கும் தளம், குறைந்த வாடகை. வேறு என்ன வேண்டும்? வந்து சேர்ந்தார்கள்.

ஆனால் 1961ல் நியூயார்க் போட்ட புதிய வரைபடச் சட்டம், அந்த இடத்தைத் தொழில் பகுதி என்றே வைத்தது. அங்கே குடியிருப்பது குற்றம்!

ஆகவே ஒரு திருட்டுக் குடித்தனம் நடந்தது. ஜன்னலில் கறுப்புத் திரை போட்டு இரவில் விளக்கை மறைத்தார்கள். இன்ஸ்பெக்டர் வருகிறார் என்றால் கட்டிலை ஒளித்தார்கள். மாலையில் தொழிற்சாலை நேரம் முடிந்ததும் வெப்பக் குழாயை நிறுத்தி விடுவார்கள். அந்த ஊர்க் குளிரில் குழந்தைகளோடு நடுங்கினார்கள். அங்கே வீட்டுக் குப்பையை அள்ள நகரசபை வண்டி வராது. வந்தால்தானே வீடு இருக்கிறது என்று ஒப்புக்கொண்டதாக ஆகும்! குப்பையை மூட்டை கட்டி எடுத்துப் போய் வேறு தெருத் தொட்டியில் போட்டுவிட்டு வந்தார்கள்.

வேலைநிறுத்தம் செய்வோம்!

1961ல் கலைஞர்கள் ஒன்று சேர்ந்தார்கள். "எங்களை வெளியேற்றினால் எங்கள் படங்களைக் காட்சிச்சாலைகளுக்குக் கொடுக்க மாட்டோம்" என்று மிரட்டினார்கள். ஓவியர்கள் வேலைநிறுத்தம் செய்தால் யாருக்கு நஷ்டம் என்று சிரிக்கத் தோன்றும். மேயர் வாக்னர் சிரிக்கவில்லை. பேச்சுவார்த்தை நடத்தினார். கலைஞர்கள் சில கட்டடங்களில் இருக்கலாம் என்று சம்மதித்தார்.

ஒரு நிபந்தனை. கட்டடத்தின் வாசலில் "ஏ.ஐ.ஆர்." என்று பலகை மாட்ட வேண்டும். எந்த மாடி என்றும் எழுத வேண்டும். நமக்கு ஏ.ஐ.ஆர். என்றால் ரேடியோ ஞாபகம் வரும். அங்கே அதன் பொருள், "உள்ளே கலைஞர் குடியிருக்கிறார்" என்பது. தீப்பிடித்தால் தீயணைப்புக்காரர்களுக்குத் தெரிய வேண்டும் அல்லவா? அதற்காக.

ஆனாலும் பயம் போகவில்லை. அந்த வட்டாரத்தின் குறுக்கே பத்து வழி நெடுஞ்சாலை ஒன்று போடும் திட்டம் பல ஆண்டுகளாக இருந்தது. அது வந்தால் கட்டடங்களே இருக்காது. ஊர் மக்கள் எதிர்த்தார்கள். 1969ல் திட்டம் கைவிடப்பட்டது.

இதற்கிடையே ஜார்ஜ் மசியூனஸ் என்ற மனிதர் ஒரு காரியம் செய்தார். லிதுவேனியா நாட்டிலிருந்து வந்தவர். "வாடகைக்கு இருந்தால்தானே துரத்துவார்கள்? சேர்ந்து வாங்கிவிடுவோம்" என்றார். 1967ல் ஊஸ்டர் தெருவில் 80ம் எண் கட்டடத்தைக் கூட்டுறவு முறையில் வாங்கினார். பிறகு ஒன்றன்பின் ஒன்றாகப் பல கட்டடங்கள்.

அவர் சட்டப்படி பத்திரங்களைப் பதிவு செய்யவில்லை. சர்க்கார் வக்கீல் ஆட்கள் தேடி வந்தார்கள். அவர் வாசல் கதவில் கூரிய வெட்டுத் தகடுகளைப் பொருத்தி வைத்துக்கொண்டு ஒளிந்திருந்தார். சினிமாவில் வருவது போல இருக்கிறது. ஆனால் உண்மை. 1975ல் பணத் தகராறில் அடியாட்கள் அவரை அடித்ததில் ஒரு கண் போயிற்று. 1978ல் இறந்து போனார். அவர் வைத்த வித்து மட்டும் முளைத்துவிட்டது.

அந்த 80ம் எண் கட்டடத்தின் சுவரில்தான் 1970ல் நாட்டிய அமைப்பாளர் டிரிஷா பிரவுன் ஒரு புதுமை செய்து காட்டினார். கயிற்றில் கட்டப்பட்ட ஒருவர், மொட்டை மாடியிலிருந்து தரை வரை, சுவரில் சாதாரணமாக நடந்து இறங்கினார். பிலிப் கிளாஸ் என்ற இசை அமைப்பாளர் இன்று உலகப் புகழ் பெற்றவர். அன்று அவர் டாக்சி ஓட்டினார். வீடுகளுக்குக் குழாய் ரிப்பேரும் செய்தார். குறைந்த வாடகை இருந்ததால்தான், மிச்ச நேரத்தில் அவரால் இசை எழுத முடிந்தது.

கலைஞர் சர்ட்டிபிகேட்

1971 ஜனவரியில் நியூயார்க் சட்டத்தைத் திருத்தியது. சோஹோவின் பழைய கட்டடங்களில் கலைஞர்கள் குடியிருந்து வேலையும் செய்யலாம். ஆனால் கலைஞர் என்று நகர கலாசார இலாகாவிடம் சர்ட்டிபிகேட் வாங்க வேண்டும்.

யார் கலைஞர் என்று யார் சொல்வது? கம்பரே ஸ்ரீரங்கத்தில் அரங்கேற்றம் செய்யப் பட்டபாடு நமக்குத் தெரிந்த கதை. இருந்தாலும் வேறு வழி இல்லை. சர்ட்டிபிகேட் இல்லாவிட்டால் பணம் உள்ளவர் எவரும் "நானும் கலைஞன்" என்று புகுந்து விடுவார்.

சர்ட்டிபிகேட் இருந்தும் புகுந்தார்கள்!

1968லேயே அங்கே பாலா கூப்பர் என்ற பெண்மணி ஓவியக் காட்சிச்சாலை திறந்திருந்தார். சட்டம் வந்ததும் காட்சிச்சாலைகள் பெருகின. படம் பார்க்கப் பணக்காரர்கள் வந்தார்கள். வந்தவர்களுக்குச் சாப்பாட்டு விடுதி வந்தது. துணிக்கடை வந்தது. "இந்தக் கூடங்கள் எவ்வளவு அழகு! நாமே இங்கே குடி வந்தால் என்ன?" என்று வக்கீல்களுக்கும் பங்கு வியாபாரிகளுக்கும் ஆசை வந்தது. யாரிடம் சர்ட்டிபிகேட் இருக்கிறது என்று நகரசபை வீடு வீடாகப் போய்ப் பார்க்கவில்லை. சட்டம் புத்தகத்தில் இருந்தது. பங்கு வியாபாரி மாடியில் இருந்தார்.

வாடகை ஏறியது. வாடகைக்கு இருந்த கலைஞர்கள் பெட்டி படுக்கையைக் கட்டினார்கள். 1982ல் மாநில சர்க்கார் ஒரு பாதுகாப்புச் சட்டம் கொண்டு வந்தது. அதனால் சிலர் பிழைத்தார்கள். 1990க்குப் பிறகு காட்சிச்சாலைகளே வாடகை கட்ட முடியாமல் வேறு பேட்டைக்குப் போய்விட்டன.

டொனால்ட் ஜட் என்ற சிற்பி 1968ல் ஸ்பிரிங் தெருவில் ஐந்து மாடிக் கட்டடத்தை 68,000 டாலருக்கு வாங்கினார். இன்று அந்த விலைக்கு அங்கே ஓர் அறை கூடக் கிடைக்காது. அவர் இருந்த கட்டடம் 2013 முதல் பொருட்காட்சிச்சாலையாக இருக்கிறது. ஓவியர் வாழ்ந்த இடத்தைக் காட்டுகிறார்கள். புதிய ஓவியர் அந்தத் தெருவில் குடியேற முடியாது.

2021 டிசம்பரில் நியூயார்க் நகரசபை மறுபடியும் வரைபடத்தை மாற்றியது. சுமார் 3,000 புதிய வீடுகள் கட்ட இடம் கிடைக்கும், அதில் சுமார் 900 வீடுகள் வசதி குறைந்தவர்களுக்கு என்று அதிகாரிகள் சொன்னார்கள். கலைஞருக்கென்று ஒதுக்கிய கூடத்தைச் சாதாரண வீடாக மாற்றலாம் என்றும், மாற்றுகிறவர்கள் கலை நிதிக்குச் சதுர அடிக்கு 100 டாலர் செலுத்த வேண்டும் என்றும் விதி செய்தார்கள். அந்த விதியை எதிர்த்துச் சிலர் கோர்ட்டுக்குப் போனார்கள். ஐம்பது ஆண்டு காத்த சட்டம், கட்டணம் கட்டி வெளியே வரும் வாசல் ஆகிவிட்டது.

யார் தப்பு?

பணக்காரர்கள் மேல் பழி போட்டுவிட்டு எழுந்துவிடலாம். அது முழு உண்மை ஆகாது.

அந்தப் பேட்டையில் கலைஞர்கள் வருவதற்கு முன்பும் மனிதர்கள் இருந்தார்கள். தையல் இயந்திரம் ஓட்டியவர்கள், பெட்டி செய்தவர்கள், மூட்டை தூக்கியவர்கள். பெண்களும் கறுப்பு இன மக்களும் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து வந்தவர்களும் அதில் நிறையப் பேர். மாடியைத் தொழிலுக்கு விடுவதை விட வீடாக விட்டால் அதிக வாடகை வரும் என்று சொந்தக்காரர்களுக்குத் தெரிந்ததும், மிச்சம் இருந்த தொழில்களுக்கும் இடம் போயிற்று. கலைஞர் வந்து இடத்தைச் சுத்தம் செய்தார். அவருக்குப் பின்னால் பணம் வந்தது. முதலில் தொழிலாளியைத் தள்ளியது. பிறகு கலைஞரையும் தள்ளியது.

ஆகவே கலைஞருக்கு மட்டும் தனிச் சலுகை கேட்பது எனக்குப் பிடிக்காது. பொம்மை செய்கிறவர், தச்சர், மிருதங்கத்துக்குத் தோல் கட்டுகிறவர், பித்தளைப் பட்டறைக்காரர், எல்லாரும் ஒரே கப்பலில்தான் இருக்கிறார்கள். கையால் வேலை செய்கிறவருக்குப் பட்டணத்தில் இடம் வேண்டும். அதில் ஓவியரும் ஒருவர்.

ஒரு கட்டடம் தப்பியது

அதே நியூயார்க்கில் வெஸ்ட்பெத் என்று ஒரு கட்டடம் இருக்கிறது. முன்பு அது பெல் கம்பெனியின் ஆராய்ச்சிக் கூடம். பேசும் படத்துக்கான ஆராய்ச்சி அங்கே நடந்தது. 1927ல் வாஷிங்டனில் பேசியவரின் முகத்தை டெலிவிஷனில் அங்கே இருந்தபடி பார்த்தார்கள். கட்டடத்தின் வயிற்றுக்குள்ளேயே ரயில் புகுந்து போகும்.

கம்பெனி காலி செய்த பிறகு, கலைக்கான தேசிய நிதியும் ஒரு தனியார் அறக்கட்டளையும் கைகொடுத்து, அதைக் கலைஞர் குடியிருப்பாக மாற்றின. 1970ல் திறந்தார்கள். 380க்கு மேற்பட்ட வீடுகள். யாருக்கும் விற்பனை கிடையாது. வருமானம் குறைந்த கலைஞர்களுக்குக் குறைந்த வாடகை.

சுற்றிலும் விலை ஏறியது. வெஸ்ட்பெத்தில் மட்டும் கலைஞர்கள் இன்றும் இருக்கிறார்கள். விற்க முடியாத கட்டடம் ஆதலால் விலை அதைத் தொட முடியவில்லை.

குறை இல்லாமல் இல்லை. ஐந்து ஆண்டு இருந்து தலை நிமிர்ந்தவுடன், அடுத்தவருக்கு இடம் விடுவார்கள் என்று ஆரம்பத்தில் நினைத்தார்கள். வந்தவர்கள் போகவில்லை. அங்கேயே கிழவர் ஆனார்கள். எங்கே போவார்கள்? வெளியே வாடகை அப்படி. அதனால் இளையவர்கள் பல ஆண்டுகள் வரிசையில் காத்திருக்க வேண்டியதாயிற்று. ஒரே ஒரு வெஸ்ட்பெத் போதாது என்பதுதான் இதற்குப் பொருள்.

நம் ஊர்ச் சோழமண்டலம்

இதையெல்லாம் அமெரிக்காவைப் பார்த்து நாம் கற்க வேண்டியது இல்லை. நம் வீட்டு வாசலிலேயே பாடம் இருக்கிறது.

சென்னை ஓவியக் கல்லூரி முதல்வராக இருந்தவர் கே. சி. எஸ். பணிக்கர். கோயமுத்தூரில் பிறந்தவர். அவருக்கு ஒரு கவலை. நன்றாகப் படித்து வெளியே வரும் பிள்ளைகள், படம் போட்டுச் சாப்பிட முடியாமல் ஏதாவது ஓர் ஆபீஸ் நாற்காலியில் போய் உட்கார்ந்து விடுகிறார்கள். அதோடு தூரிகை காய்ந்து போகிறது.

அவரும் மாணவர்களும் ஒரு வழி கண்டார்கள். துணியில் மெழுகு பூசிச் சாயம் ஏற்றும் பாடிக் வேலை செய்தார்கள். மற்றக் கைவேலைகளும் செய்தார்கள். விற்ற பணத்தைச் சேர்த்தார்கள். அந்தப் பணத்தில் 1966ல் சென்னைக்குத் தெற்கே ஈஞ்சம்பாக்கத்தில், கடற்கரைப் பக்கம், சுமார் பத்து ஏக்கர் நிலம் வாங்கினார்கள். அதுதான் சோழமண்டலக் கலைக் கிராமம்.

நன்கொடைக்குக் கை நீட்டவில்லை என்பதைக் கவனியுங்கள். கைவேலை சோறு போட்டது. சொந்த நிலம் ஓவியத்துக்குக் காவல் இருந்தது. சுல்தான் அலி, வாசுதேவ், சேனாதிபதி, பணிக்கரின் மகன் நந்தகோபால் முதலிய பலர் அங்கே இருந்து வேலை செய்தவர்கள். பணிக்கர் 1977ல் காலமானார். கிராமம் நின்றது. 2009ல் அங்கே ஒரு கலைப் பொருட்காட்சிச்சாலையும் திறந்தார்கள்.

அன்று அது பட்டணத்துக்கு வெளியே இருந்த மணல் வெளி. இன்று சென்னை மாநகராட்சியின் எல்லை அதைத் தாண்டிப் போய்விட்டது. கிழக்குக் கடற்கரைச் சாலையின் இரு பக்கமும் மாளிகைகள். இன்றைக்கு ஓர் இளம் ஓவியர் கூட்டம் பாடிக் துணி விற்று அங்கே பத்து ஏக்கர் வாங்க முடியுமா? பத்து சென்ட் வாங்க முடியுமா? பணிக்கர் காட்டிய வழி நல்ல வழி. அந்த வழியில் இப்போது விலை குறுக்கே நிற்கிறது. இனிமேல் சர்க்காரும் நகரசபையும் ஒரு கை கொடுத்தால்தான் நடக்கும்.

என்ன செய்யலாம்?

என் அபிப்பிராயத்தைச் சொல்கிறேன்.

"கலைஞர் பேட்டை" என்று பெரிய பலகை மாட்டுவதால் பயன் இல்லை. பலகை மாட்டிய மறுநாள் தரகர்கள் வந்துவிடுவார்கள். சோஹோவில் நடந்தது அதுதான்.

குடியிருந்துகொண்டே கைவேலை செய்யலாம் என்று வரைபடச் சட்டத்தில் தெளிவாக எழுத வேண்டும். எத்தனை மணி வரை சத்தம் போடலாம், என்ன புகை கூடாது, தீக்கு என்ன பாதுகாப்பு என்று அதிலேயே சொல்லிவிட்டால் அக்கம்பக்கச் சண்டைக்கும் இடம் இல்லை. ஒளிந்து வாழ வேண்டிய அவசியமும் இல்லை.

ஆனால் அனுமதி மட்டும் போதாது. அனுமதி கொடுத்து நிலத்தைச் சந்தையில் விட்டால் என்ன ஆகும் என்று பார்த்தோம். ஆகவே, சர்க்காரிடம் சும்மா கிடக்கும் பழைய கிடங்குகளில், அச்சுக்கூடங்களில், பட்டறைகளில் சிலவற்றையாவது விற்காமல் வைத்துக்கொள்ள வேண்டும். கூட்டுறவு சங்கத்துக்கோ அறக்கட்டளைக்கோ நீண்ட காலக் குத்தகைக்கு விடலாம். ஒரே நிபந்தனை: யாரும் அதை விற்று லாபம் பார்க்கக் கூடாது.

"வீடு இல்லாத ஏழை இருக்கும்போது ஓவியருக்கு என்ன அவசரம்?" என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்வி. நியூயார்க்கிலும் 2021ல் அதைத்தான் கேட்டார்கள். ஏழைக்கு வீடு கட்டும்போது, கீழ்த்தளத்தில் நாலு பட்டறைக் கூடம் கட்டக் கூடாது என்று யார் சொன்னது? குடிசைப் பகுதிகளைக் காலி செய்து, ஊருக்கு வெளியே அடுக்கு மாடியில் குடிவைக்கிறோம். மண் பிசைந்து பிழைத்தவரை ஐந்தாவது மாடியில் ஏற்றினால் அவர் எதைப் பிசைவார்? வீடு கொடுத்தோம் என்று கணக்கு எழுதிவிடுகிறோம். தொழிலைப் பிடுங்கிக்கொண்டோம் என்று எழுதுவது இல்லை.

சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமத்தின் இரண்டாவது முழுமைத் திட்டம் 2008ல் வந்தது. 2026 வரை என்று கணக்கு வைத்துப் போட்டது. அதற்கு அடுத்த இருபது ஆண்டுகளுக்கு உரியது மூன்றாவது திட்டம். இப்படிப்பட்ட திட்டத்தின் நகலை வெளியிட்டு, பொதுமக்களின் யோசனைகளையும் ஆட்சேபணைகளையும் கேட்க வேண்டும் என்பது சட்டம். அதற்கு வக்கீல் வேண்டியது இல்லை. இங்கிலீஷ் வேண்டியது இல்லை. ஒரு வெள்ளைத் தாளில் தமிழில் எழுதலாம்.

"எங்கள் தெருவில் இத்தனை குடும்பங்கள் பொம்மை செய்கின்றன. இத்தனை பேர் படம் எழுதுகிறார்கள். இந்தக் கூடத்தில் பிள்ளைகள் நாட்டியம் கற்கிறார்கள். வரைபடத்தில் இந்த இடத்துக்கு என்ன வண்ணம் போட்டிருக்கிறீர்கள்?" என்று கேட்டு எழுதிக் கீழே தெருக்காரர்கள் எல்லாரும் கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள்.